அத்தியாயம் ஆறு: பச்சைப் படகின் முதல் ஓட்டம்

சஞ்சீவனி அந்தப் படத்தை மேசையில் குப்புறப் போட்டாள். நிமிர்த்திப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

“ஏன் மிஸ், நல்ல படம்தானே?” என்றான் உதவியாளன் இளங்கோ. “ஒரு படகு இருக்கு. தண்ணி இருக்கு. தண்ணிக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கு.”

“இதுக்கு ஆயிரம் பேருக்கு மேல லைக் போட்டிருக்காங்க.”

“நாட்டில சும்மா இருக்கிறவங்க எத்தனை பேருன்னு அரசாங்கம் தேடிக்கிட்டு இருந்துச்சே, இங்க வந்து எண்ணியிருக்கலாம்.”

மேசைக்கு எதிரே கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த ஜெயராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் இந்த மாடி அறை வரைக்கும் நடந்தே வந்திருந்தாள். சிரிக்கும் நிலையில் அவள் இல்லை.

“எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கிறதே இந்தப் படத்தாலதாங்க மிஸ்” என்றாள்.

சஞ்சீவனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துக்களை விசாரிக்கும் வேலையில் இருந்தவள். உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால் மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய், தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவள். வாகனம், மோதல், ஓட்டம் என்றால் அவளுக்குத் தனியாக ஒரு காது முளைத்துவிடும்.

விஷயம் இதுதான். கண்டியில் பெரிய தேயிலைத் தரகர் ஸ்ரீதரன். அவருடைய ஜீப்பை ஓட்டுபவன் ஜெயராணியின் கணவன் திலீபன். போன மாதம் ஒரு காலையில் புசல்லாவைப் பிரதான வீதியோரமாகக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த வீரம்மா என்ற தொழிலாளியை அந்த ஜீப் மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. வீதியோர வடிகால் கானுக்குள் கிடந்தவளைப் பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் தூக்கியெடுத்தார்கள். இன்றைக்கும் எழுந்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். ஜீப்பை ஓட்டியவரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் ஒருவர் இலக்கத்தகட்டை மட்டும் பார்த்துவிட்டார். பொலிஸார் தேடி வந்தபோது ஜீப் மஹய்யாவையில், திலீபனின் வீட்டு வாசலில் நின்றது. திலீபன் அதைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“காலையில இவருக்கு லீவு மிஸ். ‘நானே ஓட்டிக்கிறேன், நீ வீட்டுல இரு’ன்னு ஐயா முந்தின நாளே சொல்லிட்டாரு. பகல் சாப்பாட்டு நேரம் ஐயாவே ஜீப்ப கொண்டாந்து விட்டுட்டு, ‘சேறா இருக்கு, கழுவி வை’ன்னு சாவிய குடுத்துட்டுப் போனாரு. இவரும் கழுவுனாரு. சொன்னதச் செஞ்சா குத்தமா?”

“அவர் வீட்டில இருந்ததுக்கு யார் சாட்சி?”

“நான்தான்.”

“அதாவது ஒருத்தரும் இல்ல” என்றான் இளங்கோ மெதுவாக.

ஸ்ரீதரன் சொன்ன கதை வேறு. விடியற்காலையில் திலீபன் தன்னைத் திகனையில் படகுத்துறையில் இறக்கிவிட்டு, தனக்குச் சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு தாய் வீடு இருக்கும் புசல்லாவைக்கு ஓடிவிட்டான். தான் ஓட்டோ பிடித்து வீடு திரும்பியதாகச் சொன்னார். காலையில் திகனையில் இருந்ததற்கு என்ன ஆதாரம்? இந்தப் படம்தான்.

ஸ்ரீதரனுக்குத் தேயிலை தொழில், படகு பைத்தியம். ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ, ஆட்களை ஏற்றி இறக்கும் படகு எங்கே ஓடினாலும் அதைப் படம் பிடிக்கப் போய்விடுவார். அவரைப் போலவே வேறு வேலை இல்லாத கனவான்கள் சிலர் சேர்ந்து ‘பயணிகள் படகு ரசிகர் வட்டம்’ என்று முகநூலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவின் முகப்பில் தடித்த எழுத்தில் ஒரு விதி: ‘வெட்டாத, நிறம் மாற்றாத படங்கள் மட்டும். மீறுவோர் நீக்கப்படுவர்.’

“வேதவாக்கு மாதிரி எழுதியிருக்காங்க” என்றான் இளங்கோ.

“பொலிஸ் இதை எப்படி நம்பினாங்க?” என்று கேட்டாள் சஞ்சீவனி.

ஜெயராணி ஒழுங்காகச் சொன்னாள். அந்த வழக்கு அவளுக்கு மனப்பாடம். திகனைப் படகு முன்பு நீலம். கரையேற்றிப் பச்சை அடித்து, விபத்து நடந்த அன்று காலையில்தான் முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கினார்கள். படத்தில் படகு பச்சை. அதனால் அதற்கு முந்திய நாள் எடுத்திருக்க முடியாது. அன்று பொழுது சாய்ந்ததுமே படம் முகநூலில் வந்துவிட்டது. அதனால் பிந்திய நாளிலும் எடுத்திருக்க முடியாது. படகில் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அன்று காலை கல்யாணத்துக்கு ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து ஏற்றி வந்ததாகப் படகுக்காரர் சொன்னார். ஆகவே அது காலைப் படம். ஆகவே ஸ்ரீதரன் திகனையில். ஆகவே திலீபன் விளக்கமறியலில்.

“லோயர் சொல்றாரு, திங்கக்கிழமை குத்தத்த ஒத்துக்கிட்டா தண்டன கொறையுமாம். இவரும் சரின்னுட்டாரு மிஸ்.” ஜெயராணியின் குரல் அங்கேதான் முதன்முறையாக உடைந்தது. “செய்யாத குத்தத்துக்கு.”

அன்று சனிக்கிழமை.

இளங்கோ தொலைபேசியில் அந்தக் குழுவைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனான். “மிஸ், இங்க பாருங்க. அதே நாள் கொத்மலை நீர்த்தேக்கத்தில ஏதோ பழைய படகு ஒண்ண உடைக்கப் போறாங்களாம். வட்டத்தில இருந்த எல்லாரும் அதுக்குத்தான் ஓடியிருக்காங்க. நம்ம ஐயா மட்டும், ‘நீங்கள் சாவுக்குப் போங்கள், நான் பிறப்புக்குப் போகிறேன்’னு எழுதியிருக்கார்.”

“அது எப்ப எழுதினது? முன்னாலயா, பின்னாலயா?”

“அன்னைக்கு அந்தியில. படத்தோட சேர்த்து.”

“கொத்மலைக்கு இங்கயிருந்து எந்த வழியா போவாங்க?”

“கம்பளை, புசல்லாவை வழியா” என்ற இளங்கோ வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

சஞ்சீவனி கைப்பையை எடுத்துக்கொண்டாள். “ஹெல்மட் எங்க?”

திகனைக்கு அப்பால், நீர்த்தேக்கத்தின் கரையில் அந்தத் துறை இருந்தது. துறை என்றால் சிமெந்துப் படி, ஒரு மாமரம், ஒரு பலகை. படகு தட்டையானது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மேலே தகரக் கூரை. எதிரெதிரே இரண்டு பெரிய பாறைகள், கரைக்கு ஒன்றாக.

படகுக்காரர் நபீல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

“அந்த கெமராக்காரரா? அவரு இந்தப் பாறையில நிப்பாரு, இல்லாட்டி அந்தப் பாறையில நிப்பாரு. நீட்டுக் குழாய் வச்ச கெமரா. எறங்கி வரமாட்டாரு. இவ்வளவு காலத்துக்கும் ஒரு தரம்கூட இந்தப் படகில கால் வச்சதில்ல.”

“ஏன்?”

“தண்ணிக்குப் பயமாம்.”

இளங்கோ கண்களை மூடி, கிடைத்த பாக்கியத்தை அனுபவித்தான். “அப்ப அக்கரைப் பாறைக்கு எப்பிடிப் போவார்?”

“அணைக்கட்டு வழியா ஜீப்பில சுத்திப் போவாரு.”

“படகுக்கு உயிரையே குடுக்கிறவர், ஏறச் சொன்னா மட்டும் ஜீப்பில போவாராக்கும்.”

“ஒரு நாள் எங்கட மகள் சின்னவ போய், ‘அங்கிள், என்னையும் ஒரு போட்டோ எடுங்க’ன்னு கேட்டா. ‘நான் ஆட்கள எடுக்கிறதில்ல, தள்ளி நில்லு’ன்னாராம்.” நபீல் தண்ணீரில் துப்பினார். “ஆள் ஏறாட்டி இதென்ன படகு? சும்மா பலகை.”

சஞ்சீவனி படத்தை நீட்டினாள். வழக்குக் கோவையிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதி. “காலையில அவரைக் கண்டீங்களா?”

“காலையில வெயில் நேரா கண்ணுல அடிச்சுச்சு மிஸ். பாறையே தெரியல்ல. நின்னாரா இல்லையான்னு நான் எப்பிடி சொல்றது?”

“இது கல்யாணப் பெண்தானே?”

“ஆமா, சிந்துஜா. பொலிஸ்லேந்து வந்தவங்களும் இதையேதான் கேட்டாங்க. கல்யாணப் பொண்ணா? ஆமா. காலையில ஏத்திட்டு வந்தியா? ஆமா. அவ்வளவுதான், போயிட்டாங்க. பிளேன்டீ ஊத்தச் சொன்னேன், குடிக்கவும் இல்ல.”

“அந்தியில?”

“அந்தியிலயும் நான்தானே ஏத்திட்டுப் போனேன். மாப்பிளையோட. பொண்ணு வீட்டுலதான் பால் பழம் குடுத்தாங்க.”

“அதை ஏன் பொலிஸுக்குச் சொல்லல?”

“அவங்க அந்தியப் பத்தி கேக்கல்லயே.”

சஞ்சீவனி இளங்கோவைப் பார்த்தாள். அத்தனை ‘ஆகவே’க்களும் அந்தப் படியிலேயே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிட்டன. பெண் இரண்டு தடவை படகேறியிருக்கிறாள். பொலிஸார் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள்.

“ஆனாலும் பாதிதான் மிஸ்” என்றான் இளங்கோ. “காலையாவும் இருக்கலாம், அந்தியாவும் இருக்கலாம். வெயில் ரெண்டு நேரமும் சாய்வுதான். எந்தக் கரைப் பாறைன்னு அவர் வாயாலதான் சொல்லியிருக்கார். மாப்பிள்ளை தெரிஞ்சாலாவது பரவாயில்ல. தூணுக்குப் பின்னால முழங்கை ஒண்ணுதான் தெரியுது. அப்பாவாவும் இருக்கலாம், சித்தப்பாவாவும் இருக்கலாம்.”

“நபீல், அந்தப் பெண் காலையில என்ன உடுத்தியிருந்தா?”

சுற்றிய கயிறு நபீலின் கையிலிருந்து நழுவியது. “அந்தக் கதைய மட்டும் எடுக்காதீங்க மிஸ். அந்தப் புள்ளட உம்மா இன்னும் என்னோட பேச்சு வார்த்த இல்ல.”

“ஏன்?”

“நீங்களே போய்க் கேளுங்க. ஏறுங்க, கொண்டு போய் விடுறேன். என்னைய மட்டும் கூப்பிடாதீங்க.”

அக்கரையில் மேடேறியதும் முதல் வீடு. கணவன் கொழும்பு வேலைக்குத் திரும்பியதால் சிந்துஜா சில நாட்களுக்குத் தாய் வீட்டில் இருந்தாள். வாசலில் நின்ற இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“நபீல் காக்கா அனுப்பினாரா? அவருக்கு இப்பத்தான் வெக்கம் வந்துச்சாக்கும்.”

“அவருக்கு எதுக்கு வெட்கம்?” என்றாள் சஞ்சீவனி.

சிந்துஜா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவையைக் கொண்டுவந்து உதறினாள். கரையோரத்திலிருந்து உடல் வரைக்கும் நீளமாக ஒரு கோடு. நல்ல பச்சை.

“படகுக்குப் பெயிண்ட் அடிச்சா காய விடணுமா, இல்லையா? ‘ஈரம், சாயாதீங்க’ன்னு ஒரு வார்த்த சொல்ல அவருக்கு வாய் வலிச்சுச்சா? கல்யாணத்துக்குப் போற பொண்ணு, இடுப்புல பச்சைக் கோடு போட்டுக்கிட்டுக் கோயில் வாசல்ல எறங்குறேன். அம்மா அழுவுறாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க, இது என்ன உங்க பக்கத்து வழக்கமான்னு கேக்குறாங்க.”

இளங்கோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

“அப்ப காலையில படகில வரும்போது இதைத்தான் உடுத்தியிருந்தீங்க?” என்றாள் சஞ்சீவனி.

“வேற எத உடுத்துறது?”

“கூறைப்புடவை?”

“கூறைய மாப்பிள்ள வீட்டுக்காரங்க மாத்தளையிலேருந்து பஸ்ஸுல கொண்டாந்தாங்க. கோயில்ல மணவறையில வச்சுத் தட்டோட குடுத்தாங்க. அதுக்குப் பொறகுதானேக்கா உள்ள போயி மாத்திக்கிட்டு வந்தேன். குடுக்காத கூறைய எப்பிடிக் கட்டுறது?”

“கூறை என்ன நிறம்?”

“அரக்குச் சிவப்பு. அதோடதான் அந்தியில திரும்பி வந்தோம்.”

சஞ்சீவனி பச்சைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். ஆயிரம் பேர் லைக் போட்ட படத்தைவிட அந்தக் கறை அவளுக்கு அழகாகத் தெரிந்தது.

“இந்தச் சேலையை நாளைக்கு ஒரு நாள் இரவல் தருவீங்களா?”

“கோட்ட எடுத்துத் தருவீங்களா?”

“கோடு இருக்கட்டும். கோடுதான் வேணும்.”

திரும்பும்போது படகில் இளங்கோ தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்க அது சதுரம் சதுரமாக உடைந்தது. பெண் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கலங்கல். “சிவப்பு மாதிரித்தான் இருக்கு மிஸ். ஆனா நிழலுன்னும் சொல்லலாம், மூட்டைன்னும் சொல்லலாம். தெளிவா ஒரு பிரதி வேணுமே.”

“நாளைக்கு வட்டத்துக்குக் கண்காட்சி. வாவிக்குப் பக்கத்து மண்டபத்தில. பிரதான படம் எது தெரியுமா?”

“இதுவா?”

“சுவர் அளவுக்கு அடிச்சு மாட்டியிருக்கார். சொந்தச் செலவில.”

“ஆனா ஒரு ஓட்டை இருக்கு மிஸ். ‘கம்பியூட்டர்ல நிறத்த மாத்தினேன், மஞ்சளச் சிவப்பாக்கினேன்’னு ஒரு வார்த்த சொல்லிட்டா போச்சு. நம்ம சேலை வெறும் சேலைதான்.”

“சொல்லமாட்டார்.”

“எப்பிடித் தெரியும்?”

“இருபது வருஷமா இந்த மாதிரி ஆட்களோட கார்களைப் பார்த்தவள் நான். கீறல் விழுந்த இடத்தை ஒத்துக்குவாங்க, ஆளை இடிச்சதை ஒத்துக்குவாங்க. கார் பழசுன்னு மட்டும் ஒத்துக்கமாட்டாங்க.”

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. சுவரெங்கும் படகுகள். குறிகட்டுவான் படகு, மூதூர் படகு, பெயர் தெரியாத ஆற்றுப் படகு. எல்லாம் பக்கவாட்டில், பொலிஸ் நிலையத்தில் நிறுத்திவைத்த கைதிகளைப் போல. ஒன்றிலும் மனித முகம் கிடையாது. அந்த மண்டபத்தில் அதுதான் கலை. கழுத்துப்பட்டி கட்டியவர்கள் படங்களுக்கு மூக்கு முட்டும் தூரத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ம்ம்” என்றார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பவும் “ம்ம்” என்றார்கள்.

“இவங்க யாராவது படகில போயிருக்காங்களா மிஸ்?” என்றான் இளங்கோ. “இல்ல, எல்லாரும் சுத்தி ஜீப்பிலதானா?”

பட்டிஸ் பலகாரம் வைத்திருந்த மேசையருகே சாதாரண உடையில் புசல்லாவை வழக்கைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரி நின்றார். சஞ்சீவனி அழைத்ததற்காக வந்தவர், பட்டிஸுக்காக நின்றுகொண்டிருந்தார். பின்னால் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் ஜெயராணி, அதன் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.

பிரதான சுவரில் பச்சைப் படகு. ஓர் ஆளின் கைவிரல் அளவுக்கு அதன் ஆணிகள் தெரிந்தன. தகரக் கூரைக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் கிட்டத்தட்ட உயிரளவு. கீழே தங்க எழுத்து: ‘புதுநிறத்தில் முதல் ஓட்டம் - அதிகாலை.’

படத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையைப் போல, ஸ்ரீதரன் நின்றார்.

“சார், அருமை” என்றாள் சஞ்சீவனி. “இந்தப் பச்சை இப்படியேதான் இருந்ததா?”

“அம்மணி, நாங்கள் நிறத்தில் கை வைப்பதில்லை.” அவர் சிறு பிள்ளைக்குச் சொல்வதைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “கலியாண வீட்டுப் போட்டோகிராபர்மார் செய்கிற வேலை அது. ஒரு படகை அறிவது அதன் நிறத்தை வைத்து. நிறம் பொய் என்றால் படம் பொய்.”

பக்கத்தில் நின்ற வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் ஜவாஹிர், ஆமோதித்துத் தலையாட்டினார். “அதுதான் எங்கட முதல் விதி.”

“நடுவில இந்தப் பெண்?”

ஸ்ரீதரன் முகத்தைச் சுளித்தார். “அதுதான் இந்தப் படத்தின் ஒரே குறை. இத்தனை நல்ல பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்புக் கந்தை. ஆட்கள் இல்லாமல் படகு ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் பாருங்கள், பொலிஸ் விசாரணை ஒன்றில் அவளே எனக்குப் பிரயோசனப்பட்டாள். காலையில் கல்யாணத்துக்குப் போகிற பெண்ணாம்.”

“சிவப்பா சார்? எனக்கு மஞ்சள் மாதிரி...”

“கண்ணுக்கு டொக்டரைப் பாருங்கள். சிவப்பு. அரக்குச் சிவப்பு.”

“இளங்கோ” என்றாள் சஞ்சீவனி.

இளங்கோ கடைப் பையைத் திறந்து, மாம்பழ நிறச் சேலையை எடுத்து, இரண்டு கைகளாலும் விரித்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். மஞ்சளின் குறுக்கே பச்சைக் கோடு. படகின் பச்சையும் சேலையின் பச்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“அன்று காலை, பெயிண்ட் காயாத படகில, இந்தப் பெண் உடுத்திக்கொண்டு வந்த சேலை இது” என்றாள் சஞ்சீவனி. அவள் குரல் உயரவில்லை, மண்டபம்தான் தாழ்ந்தது. “படத்தில இருக்கிறது கூறைப்புடவை. மாத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து, கோயிலில், மணவறையில கொடுத்தது. அதை உடுத்திக்கொண்டு அவள் படகேறினது ஒரே ஒரு தடவை. அந்தியில. அதிகாலைன்னு தங்க எழுத்தில போட்டிருக்கீங்க. இது அந்திப் படம் சார்.”

பட்டிஸ் மேசையில் ஒரு தட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது.

ஸ்ரீதரனின் கண் சேலைக்கும் படத்துக்கும் நடுவில் ஓடியது. அங்கே ஒரு வாசல் இருப்பதை அவர் கண்டுகொண்டார். சஞ்சீவனியும் கண்டாள்.

“அந்தச் சிவப்பு...” என்று தொடங்கினார் ஸ்ரீதரன். “அந்தச் சிவப்பு உண்மையில்...”

“உண்மையில?” ஜவாஹிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மனைவி ஓடிப்போன செய்தியைக் கேட்டவரின் முகம். “ஸ்ரீதரன், இங்க பாருங்க. நிறத்த மாத்தினீங்களா?”

கழுத்துப்பட்டிகள் எல்லாம் நெருங்கி வந்தன. ஒரு பெண்ணை இடித்துக் கானில் தள்ளியது யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

“சொல்லுங்க சார்” என்றான் இளங்கோ, சேலையைப் பிடித்தபடியே, கனிவாக. “மாத்தினேன்னு ஒரு வார்த்த. தப்பிச்சிரலாம். என்ன, வட்டத்திலயிருந்து தூக்கிருவாங்க. இந்தச் சுவரெல்லாம் கழட்டிருவாங்க. ‘கள்ளப் படம் எடுத்தவர்’னு பேர் வரும். ஜெயில விட அது பரவாயில்லதானே?”

ஸ்ரீதரன் தன்னுடைய படத்தைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். கழுத்து நிமிர்ந்தது.

“என் படத்தில் ஒரு நிறமும் பொய் இல்லை” என்றார். “ஒரு புள்ளியைக்கூட நான் தொட்டதில்லை. அந்தச் சிவப்பு சிவப்புத்தான்!”

வட்டம் மூச்சு விட்டது. பின்னால் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். அவருடைய கைகள் பாதியில், அந்தரத்தில் நின்றன. தாங்கள் எதற்குக் கைதட்டுகிறோம் என்பது அவர்களுக்கு ஒவ்வொருவராக உறைத்துக்கொண்டு வந்தது.

பொலிஸ் அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “அப்ப, காலையில நீங்க எங்க இருந்தீங்க மிஸ்டர் ஸ்ரீதரன்?”

“அந்தக் கொத்மலைப் படகு...” ஸ்ரீதரனுக்கு இப்போது குரல் பிசிறியது. “அந்த மாதிரியில் அதுதான் கடைசி. உடைக்கத் தொடங்கிவிட்டால் முடிந்தது. அந்தப் பொம்பிளை வீதி ஓரத்தில்... நான் நின்றிருந்தால் படகு போயிருக்கும்.”

“அப்ப கொத்மலைக்குப் போனீங்களா?” ஜவாஹிர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார். “படம் இருக்கா?”

“இல்லை” என்றார் ஸ்ரீதரன். “நான் போவதற்குள் உடைத்து முடித்து, நீங்கள் எல்லோரும் திரும்பிவிட்டீர்கள்.”

“ஐயோ, பாவம்” என்றார் ஜவாஹிர், மனமார.

சஞ்சீவனி அவர்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சேலையை இளங்கோவிடமிருந்து வாங்கி, கோடு உள்ளே போகாமல் மடித்தாள். அது திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குத் தேவை. அதற்குப் பிறகு சிந்துஜாவின் அம்மாவுக்கும் நபீலுக்கும் நடுவில் வேறு வழக்கு இருந்தது.

“தம்பி, படத்தைச் சுருட்டாதே” என்று ஸ்ரீதரன், சுவரிலிருந்து அதைக் கழற்ற வந்த பொலிஸ்காரனிடம் சொன்னார். “மடிப்பு விழும்.”

வாசலருகே ஜெயராணி வழியை மறித்து நின்றாள். அதிகாரி அவளைத் தள்ளிப்போகச் சொல்லவில்லை.

“ஐயா, அந்தப் பச்சைப் படக எந்த ஊர்ல கட்டுனாங்க?”

ஸ்ரீதரன் பழக்கதோஷத்தில் பதில் சொன்னார். கட்டிய ஊர், கட்டியவரின் பெயர், இயந்திரம், அதற்கு முன் அடித்திருந்த நீலம் எந்த நீலம் என்பது வரைக்கும்.

“நீங்க இடிச்சிட்டுப் போனவங்க பேரு?”

அவர் ஜவாஹிரைத் திரும்பிப் பார்த்தார். ஜவாஹிர் தரையைப் பார்த்தார்.

“வீரம்மா” என்றாள் ஜெயராணி. “நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க. மனப்பாடம் பண்ணிக்கங்க.”